ஒரு மாத வாடகை கமிஷன்: இஸ்திரி வண்டி அண்ணன் சேவை, எட்டு மாதம் கழித்து ஒரு கணக்கு

2024 ஜூன் மாதம் தண்டையார்பேட்டையில் இருந்து காலடிப்பேட்டைக்கு வீடு மாறினோம். இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவர் ஒரு தெருமுனை புரோக்கர். முழுநேரத் தொழில் இஸ்திரி, வீடு பார்த்துக் கொடுப்பது பக்கத் தொழில். கமிஷன் ஒரு மாத வாடகை, 9,000 ரூபாய். அது தகுமா என்று அக்கம்பக்கத்தில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அப்போது பதில் சொல்லவில்லை, ஏனென்றால் ஒரு மழைக்காலம் போகாமல் வடசென்னையில் எந்த வீட்டைப் பற்றியும் கருத்து சொல்லக்கூடாது. மழை முடிந்தது, சொல்கிறேன்.

முதலில் ஏன் மாறினோம் என்பது. பழைய வீட்டுக்கு 2016இல் 6,500 ரூபாய்க்குப் போனோம். 2018இல் 7,000. கொரோனா சமயத்தில் ஏற்றவில்லை, அதற்கு இன்றைக்கும் நன்றி. 2022இல் மாநகராட்சி சொத்துவரியை ஏற்றியது, எங்கள் பகுதியில் 601 முதல் 1,200 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு 75 சதவீதம். அதைக் காட்டி ஓனர் ஒரேயடியாக 1,000 ஏற்றினார். நான் பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள், ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்டேன், பாவம் மனுஷர் காட்டியும் விட்டார். அரையாண்டுக்கு 1,240 ஆக இருந்தது 2,170 ஆகியிருந்தது. கூடுதல் 930 ரூபாய், ஆறு மாதத்துக்கு. மாதத்துக்கு 155. அந்த வீட்டில் மூன்று குடித்தனம், ஆளுக்கு 52 ரூபாய்கூட வராது. மூன்று குடித்தனத்துக்கும் ஆளுக்கு ஆயிரம் ஏறியது. "சொத்துவரி ஏறிப்போச்சு" என்று எந்த ஓனர் சொன்னாலும் எனக்கு இந்த 52 ரூபாய்தான் ஞாபகம் வரும்.

2023இல் 9,500. 2024 ஏப்ரலில் 12,000 கேட்டார், 26 சதவீத ஏற்றம். காரணம் மெட்ரோ. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2021 பிப்ரவரியில், மூன்று வருடம் கழித்து இவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நான் அதில் ஏறுவதே மாதத்தில் இரண்டு முறை. மற்ற நாளெல்லாம் வெள்ளைப் பலகை பஸ்தான், பெண்களுக்குக் காசு இல்லை. ஆக, நான் போகாத ரயிலுக்கும் நான்தான் வாடகை கட்டவேண்டும்.

சரி, வேறு வீடு பார்க்கலாம் என்று முதலில் போனில் ஒரு ஆப்பை நம்பினோம். பெயர் வேண்டாம். "புரோக்கர் இல்லை, நேரடியாக ஓனரோடு பேசலாம்" என்கிற வகை. ஓனர் நம்பர் பார்க்க 1,800 ரூபாய் கட்டினேன். பதினொரு நம்பர் கொடுத்தது. ஐந்து வீடு ஏற்கெனவே போய்விட்டது, மூன்று நம்பரில் பேசியது ஓனரே இல்லை, புரோக்கர்கள், ஒருவர் எடுத்தவுடன் "கமிஷன் ஒரு மாசம், ஓகேவா?" என்றார். புரோக்கர் இல்லாத சேவைக்குக் காசு கட்டி அதில் புரோக்கரைப் பிடித்த பெருமை எனக்கு. நேரில் போய்ப் பார்த்த வீடுகளில் போட்டோவில் ஹாலாகத் தெரிந்தது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற அறை. பெரம்பூரில் ஒரு வீட்டில் கேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே அந்தம்மா "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். ஆப்பில் அதற்கு "பேமிலி மட்டும்" என்று போட்டிருந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டோம். ஆப்புக்கு ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் கஸ்டமர் கேரில் பேசிய பெண் மரியாதையாகப் பேசியதற்கு.

அப்புறம்தான் இஸ்திரி அண்ணன். மாமியார்தான் சொன்னார், "அவன்கிட்ட கேளு, எந்த வீட்ல எத்தினி சட்டை வருதுன்னு தெரிஞ்சவனுக்கு எந்த வீடு காலியாவுதுன்னு தெரியாதா?" என்று. இந்தத் தர்க்கத்தை மறுக்க முடியவில்லை.

இவர் சேவை எப்படி என்றால், முதல் நாள் எதையும் காட்டமாட்டார். நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். எத்தனை பேர், வயசானவங்க படியேறுவாங்களா, வண்டி இருக்கா, வேலை எந்தப் பக்கம், அட்வான்ஸ் எவ்வளவு புரட்ட முடியும். வாடகை எவ்வளவு என்பதைக் கடைசியில்தான் கேட்டார். ஆப்பில் வாடகைதான் முதல் கேள்வி. இந்த வித்தியாசம் அப்போது புரியவில்லை, ஐந்து வீடு பார்த்த பிறகு புரிந்தது.

கொருக்குப்பேட்டையில் ஒன்று, 7,500. நல்ல வீடு, காற்றோட்டம் உண்டு. ஆனால் ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது, காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் பாரிமுனை போய்ச் சேருவதற்குள் கடையில் டீ நேரம் வந்துவிடும். கொடுங்கையூரில் ஒன்று, 8,000, இரண்டு பெட்ரூம், அந்த வாடகைக்கு அந்த இடம் மற்ற இடத்தில் கிடைக்காது. அண்ணன் எங்களை உள்ளே கூட்டிப் போகாமல் மாடியில் நிற்கவைத்து "மூச்சு இழுத்துப் பாருங்க" என்றார். குப்பைக் கிடங்கு இருக்கும் திசையில் இருந்து காற்று. மாமியாருக்கு வீசிங். இறங்கிவிட்டோம். எண்ணூர் பக்கம் இன்னும் குறைவாகக் கிடைக்கும், ஆனால் ஏன் குறைவு என்பதை 2023 டிசம்பர் ஒன்றே சொல்லிவிட்டது: மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தது, அந்தக் கறை போவதற்குள் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. அண்ணன் அந்தப் பக்கம் பேச்சே எடுக்கவில்லை.

வியாசர்பாடியில் ஒரு லீஸ் வீடு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் லீஸ் என்றால் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் இருப்பது, ஊர்ப்பக்கம் ஒத்தி என்பார்கள். ஐந்து லட்சம் கேட்டார்கள். நகையை வங்கியில் வைத்தால் வருடத்துக்கு 9 சதவீதம் என்று வைத்தாலும் 45,000, மாதம் 3,750. எந்த வாடகையை விடவும் குறைவு! எனக்குக் கை பரபரத்தது. அண்ணன்தான் தடுத்தார். "குடுக்கும்போது அஞ்சு லட்சம், வாங்கும்போது அடுத்த ஆள் வந்தாத்தான் தங்கச்சி. வரலன்னா? அந்த வூட்டு மேல பேங்க் லோன் கீதான்னு நீ பாத்தியா?" என்றார். வில்லங்கம் போட்டுப் பார்க்க ஓனர் பத்திர நம்பர் கொடுக்கவில்லை. அத்தோடு விட்டோம். இந்த வீட்டை முடித்திருந்தால் அண்ணனுக்குக் கமிஷன் இன்னும் அதிகமாகவே கிடைத்திருக்கும், அதையும் சொல்லவேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். திருவொற்றியூரில் தரைத்தளம், 7,000. புது பெயின்ட், புது டைல்ஸ், குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. என் கணவர் அட்வான்ஸ் எண்ண ஆரம்பித்துவிட்டார். அண்ணன் பேசாமல் சுவரைக் காட்டினார். "மீட்டர் பொட்டி எம்மாம் ஒசரத்துல கீது பாரு." என் தலைக்கு மேலே இருந்தது. அதற்குக் கீழே, இடுப்பு உயரத்தில், பழைய பெட்டியைப் பிடுங்கிப் பூசின சதுரம் பெயின்டுக்குள்ளேயும் தெரிந்தது. "புயல் அன்னிக்கு இந்த வூட்டுல இருந்தவங்க மொட்ட மாடில கெடந்தாங்க." பெயின்ட் ஏன் புதுசு, டைல்ஸ் ஏன் புதுசு, வாடகை ஏன் 7,000, எல்லாவற்றுக்கும் ஒரே பதில். அதற்குப் பிறகு எந்தத் தெருவில் போனாலும் நான் மீட்டர் பெட்டியைத்தான் பார்க்கிறேன், அது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் இப்போதிருக்கும் வீடு. காலடிப்பேட்டை, முதல் மாடி, ஒரு பெட்ரூம், 9,000 வாடகை, 60,000 அட்வான்ஸ். 2024 அக்டோபர் நடுவில் கொட்டிய மழையிலும் நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தபோதும் தெருவில் முழங்கால் வரை தண்ணீர், ஆனால் மாடியில் எங்களுக்கு ஒன்றுமில்லை, கீழ் வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டது. அந்த 7,000 ரூபாய் வீட்டுப் பக்கம் பஸ்ஸில் போனபோது ஜன்னலில் மெத்தை காயப்போட்டிருந்தார்கள். இந்த ஒரு விஷயத்துக்கே 9,000 கமிஷன் தகும் என்று நான் அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது குறைகள், அதையும் மறைக்கக்கூடாது.

அண்ணன் சொல்லாமல் விட்டது கரண்ட். வீடு முழுக்க ஒரே கரண்ட் சர்வீஸ், எங்கள் யூனிட்டை மட்டும் எண்ண ஒரு சப்மீட்டர், ஓனர் வாங்குவது யூனிட் 9 ரூபாய். பழைய வீட்டில் எங்களுக்குத் தனி மீட்டர், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், மீதிக்குத்தான் காசு. எங்கள் செலவு இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் வாக்கில். தனி மீட்டராக இருந்தால் கட்டுவதைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் இப்போது கட்டுகிறேன், 2,340 ரூபாய். ஓனரைக் கேட்டால் மூன்று வீட்டு யூனிட்டும் சேர்ந்து 500ஐத் தாண்டுவதால் அவருக்கே மேல் ஸ்லாபில், அதாவது அதிக ரேட்டில், பில் வருகிறது என்கிறார். அது உண்மைதான். ஆனால் மேல் ஸ்லாபிலேயே வந்தாலும் எல்லா யூனிட்டும் 9 ரூபாய் ஆகாது, முதல் 100 யூனிட் இலவசம் யார் கணக்கில் போகிறது என்பதற்கும் பதில் இல்லை. கணக்கு எழுதுகிறவளுக்கு வீடு கொடுத்ததை நினைத்து அவர் இப்போது வருத்தப்படலாம்.

அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டேன். "மீட்டரப் பத்தி நீ கேக்கல, நானும் சொல்லல" என்றார், சட்டைக் காலரில் இருந்து கண்ணை எடுக்காமல். இதுதான் இவரிடம் எனக்குப் பிடிக்காதது. ஆபத்தை எல்லாம் தானாகச் சொல்வார், செலவை நாம்தான் கேட்கவேண்டும்.

தண்ணீர் அடுத்தது. கடலோரம், போர் தண்ணீர் உப்பு, துணி துவைக்கத்தான் ஆகும், அதிலும் வெள்ளைத் துணி பழுப்பாகிவிடும். மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியக் குழாய்) விடியற்காலையில் சம்ப்புக்கு வரும், ஓனர் மோட்டார் போடும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் வந்தது, நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் திறன், ஆனாலும் குடிக்க நான் வாரம் மூன்று கேன் வாங்குகிறேன், கேன் 40 ரூபாய். மாதம் 500. மோட்டார், செப்டிக் டேங்க், படிக்கட்டுப் பெருக்க என்று மெயின்டெனன்ஸ் 300.

ஆக, போர்டில் 9,000 என்று இருந்த வீடு எனக்கு மாதம் 11,000 ஆகிறது. பழைய வீட்டில் அந்த 12,000ஐ ஒத்துக்கொண்டு இருந்திருந்தாலும் கரண்ட், கேன் எல்லாம் சேர்த்து 12,550க்குள் முடிந்திருக்கும். மிச்சம் சுமார் 1,600.

இதற்குச் செய்த செலவைப் பாருங்கள். கமிஷன் 9,000. ஆப்புக்கு 1,800. குட்டி யானை இரண்டு நடை, ஆள் கூலியோடு 3,500. பழைய ஓனர் அட்வான்ஸில் இருந்து பெயின்டிங் என்று ஒரு மாத வாடகை 9,500 பிடித்துக்கொண்டார், எட்டு வருடம் நாங்கள் இருந்தபோது ஒருமுறை கூட பெயின்ட் அடிக்காதவர். மொத்தம் 23,800. மாதம் 1,600 மிச்சத்தில் இது தேற பதினைந்து மாதம் ஆகும். எங்கள் அக்ரிமென்ட் பதினொரு மாதம். அதாவது நான் வீடு மாறிய செலவு தேறுவதற்கு முன்பே இந்த ஓனர் ஏற்றலாம். பழைய ஓனர் 26 சதவீதம் எந்த தைரியத்தில் கேட்டார் என்று இப்போதுதான் புரிகிறது. மெட்ரோவும் இல்லை சொத்துவரியும் இல்லை, மூட்டை கட்டுவதற்கு எங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, காலி செய்த ஒரு மாதத்தில் திருப்பித் தரவேண்டும். ஆனால் அந்த மூன்று மாதத்துக்கு "வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர" என்று ஒரு வால் உண்டு, அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஊரே ஆறு மாதம், பத்து மாதம் வாங்குகிறது. என் 60,000 கிட்டத்தட்ட ஏழு மாத வாடகை. பழைய அட்வான்ஸ் மிச்சம் வர மூன்று மாதம் ஆனது, அதுவரை கைமாற்று. பதியலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "பதிஞ்சா நல்லதுதான், ஆனா பதியணும்னு சொல்ற ஆளுக்கு வூடு குடுக்கறதில்ல" என்றார். இதில் அவரைக் குறை சொல்லமுடியவில்லை, ஊர் நிலவரத்தைச் சொன்னார்.

பொதுவாகச் செலவு எப்படி என்று கேட்பவர்களுக்கு, 2025 ஆரம்பத்துக் கணக்கு இது: நாங்கள் நாலு பேர், இரண்டு சம்பளம் சேர்த்து 35,000. வீட்டுக்கு 11,000, மளிகை காய் மீன் எல்லாம் 9,000, ஆவின் பச்சை தினம் இரண்டு பாக்கெட் 1,320, சிலிண்டர் அப்போது 818.50 ரூபாய், நாற்பது நாள் வரும், பள்ளி 2,500, பெட்ரோல் 2,500, மாமியார் மருந்து 1,200, போன் 700. ஏறக்குறைய 29,000. ஆளுக்கு 7,200 சொச்சம். மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு நகரங்களில் ஆளுக்கு மாதம் 7,630 என்று வந்தது, ஆக நாங்கள் சராசரி ஆட்கள்தான். ஆனால் அதே கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் செலவில் வாடகையின் பங்கு ஆறரை சதவீதம் என்றும் இருக்கிறது. படித்துவிட்டுச் சிரித்தேன். சொந்த வீட்டுக்காரர்களையும் சேர்த்து வகுத்தால் அப்படித்தான் வரும். என் செலவில் வீட்டுக்குப் போவது 38 சதவீதம்.

சரி, மதிப்பெண். அண்ணனுக்கு ஐந்துக்கு மூன்றரை. மீட்டர் பெட்டிக்கும் லீஸைத் தடுத்ததற்கும் கொடுத்தது அது, சப்மீட்டரைச் சொல்லாததற்குக் கழித்தது ஒன்றரை. கமிஷனில் பேரம் பேசினேன், ஐந்து பைசா குறைக்கவில்லை, ஆனால் முதல் மாதம் இஸ்திரி இலவசம் என்றார், அதைக் கொடுத்தார், ஒரு புடவையில் மட்டும் லேசாகக் கரிப்பொட்டு. வீட்டுக்கு மூன்று.

போகிறவர்கள் இதையெல்லாம் நீங்களாகக் கேளுங்கள்: தனி மீட்டரா, யூனிட் எவ்வளவு, மெட்ரோ தண்ணீர் எத்தனை மணிக்கு, காலி செய்யும்போது பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள். கேட்டால் பொய் சொல்லமாட்டார். நம்பர் இங்கே போடமாட்டேன், அவரும் ஒத்துக்கொள்ளமாட்டார். தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி இஸ்திரி வண்டி என்று இரண்டு பேரைக் கேட்டால் மூன்று வண்டியைக் காட்டுவார்கள், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் சாவிக்கொத்து தொங்குவது இவருடையது. காலையில் போகாதீர்கள், கரி பற்றவைக்கிற நேரத்தில் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். சாயங்காலம் ஆறுக்கு மேல் போங்கள், இரண்டு சட்டையோடு போனால் இன்னும் நல்லது.